இரண்டரை முட்டை

ரூஸே நகரத்துப் பாலத்தடியில்
இருபத்திரண்டு வருடமாய் லாரிகளை நிறுக்கிறேன்.
நாற்பது டன், அச்சுக்கு அச்சு.
முந்நூறு கிலோ கூடினாலும்
கண்ணாடியைத் தட்டி ஓட்டுநரை இறக்கிவிடுவேன்.
எடையில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

அப்பேர்ப்பட்ட நான்தான்
ஒரு சிட்டிகை என்பது எவ்வளவு என்று தெரியாமல்
மாவுத்தாள் பொட்டலத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு
அடுப்படியில் நின்றேன்.

ஸ்னெஷானா பனியில் வழுக்கி விழுந்த வாரம் அது.
வீட்டில் இரண்டு மாவு:
அவள் மணிக்கட்டில் கட்டாக,
என் கையில் தாளாக, தொட்டால் கிழிகிற மாதிரி.
அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து
டான்யூபைப் பார்த்தாள்.
யோசனை சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.
நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது வாய் மூடாததற்கு
இது பதில்.

பானித்ஸா, எட்டுப் பேருக்கு, என்றிருந்தது.
நாங்கள் இரண்டு பேர்,
மறுநாளும் அதையே சாப்பிடுகிற இரண்டு பேர்,
ஆக நாலு.
ஐந்து முட்டையில் பாதி இரண்டரை.
அரை முட்டையை எந்த இடத்தில் வெட்டுவது?
மூன்றாகவே உடைத்தேன்.
தயிர் பாதி, வெண்ணெய் பாதி,
வெள்ளைப் பாலாடைக்கட்டி பாதி.
சோடாவுக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது.
மகன்தான், ஹாம்பர்கிலிருந்து, அம்மா கை எப்படி என்று.
பேசிவிட்டு வந்து முழுக் கரண்டியையும் கொட்டினேன்.
தயிர் புஸ்ஸென்று பொங்கியது. பெருமையாக இருந்தது.
கட்டி ஏற்கெனவே உப்புநீரில் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது என்று
பொட்டலம் சொல்லவில்லை.
நானும் என் பங்குக்கு உப்பு.

இடது கையால் முள்கரண்டி பிடித்து
ஒரு துண்டு தின்றாள். இன்னொன்றும்.
மூன்று டம்ளர் தண்ணீர்.
எப்படி என்றேன்.
சூடாக இருக்கிறது என்றாள்.
அதில் பொய் எதுவும் இல்லை.
நானும் வாயில் வைத்தேன்.
சோப்பு, அப்புறம் கடல்.
நடுவில் வேகாத மாவு, ஓரமெல்லாம் கரி.

அன்றிரவு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.
அதிகப்படி ஏற்றி வருகிறவர்களின் பெயரெழுதும் அதே பென்சில்.
உப்பை அடித்தேன், தாள் கிழிய.
சோடா அரைக் கரண்டி; அடைப்புக்குள், தலை தட்டி.
கட்டியை ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் போடு.
தாள்களை அழுத்தாதே, சுருட்டும்போது மூச்சு விடட்டும்.
அடுப்பைக் குறை, மேலே காகிதம் மூடு.
அந்த அரை முட்டை மட்டும் தூங்கவிடவில்லை.
இரண்டு மணிக்கு எழுந்து எழுதினேன்:
மூன்றாவதை அடித்து, பாதியை உள்ளே, மீதியை மேலே பூசு.

அடுத்த சனிக்கிழமை
தங்கநிறமாக, ஒரு பொட்டுக் கருப்பில்லாமல்
வட்டமாக வந்து உட்கார்ந்தது மேஜையில்.
அவள் தின்றாள்.
ஊற்றிவைத்த தண்ணீர் ஊற்றிவைத்தபடி இருந்தது.
நான் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதியில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
தட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள்,
எதையோ தொலைத்தவள் போல.
ஓரம் எங்கே, என்றாள்.
எந்த ஓரம்?
போன வாரம் இருந்ததே, அந்தக் கருகல்,
அது ஒன்றுதான் நன்றாக இருந்தது.

பென்சிலைக் கேட்டு வாங்கி
என் திருத்தங்களுக்கெல்லாம் கீழே
இடது கையால் எழுதினாள்.
எழுத்துகள் பனியில் நடப்பதுபோல் சறுக்கின:
ஓரம் கருகட்டும்.
எத்தனை நிமிடம், என்றேன்.
கருகுகிற வரைக்கும், என்றாள்.

இன்று திங்கள்.
துருக்கியிலிருந்து தக்காளி லாரி,
முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.
ஓட்டுநர் சீட்டை வாங்கும்போது
என் விரலில் என்ன கட்டு என்று கேட்கிறான்.
அடுப்புத் தட்டு, மூன்றாவது தடவை, என்கிறேன்.
அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
எடை சரி, போ.